கருங்கல் கரையும் கழிச் சேறும்

வற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். எண்ணூருக்கு நடக்கப் போகிறவருக்கு ரயில் நேரம் மட்டும் போதாது, கடலின் நேரமும் தெரிந்திருக்க வேண்டும். சென்னைக் கரையில் ஓதம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் ஏறி இறங்கும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர் ஏறுவதை நினைத்தால் இது சிறிய அசைவு. ஆனால் எண்ணூர்க் கழியின் சேற்றுத் திட்டுகள் தாம்பாளம் போலத் தட்டையானவை. நீர் ஒரு சாண் இறங்கினால் ஒரு மைதானமே வெளியே வந்துவிடும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அன்று காலை பத்தரைக்கு வற்றம்.

ராயபுரத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்தேன். 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது இந்த நிலையத்திலிருந்துதான். நான் போட்டுக்கொண்ட வழி ஒரு வட்டம். கத்திவாக்கத்தில் இறங்கிக் கிழக்கே கடலுக்குப் போவது. கல் கொட்டிய கரையோரமாக வடக்கே தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம். அங்கே திரும்பிக் கழியோரமாக மேற்கே காட்டுக்குப்பம். பிறகு எண்ணூர் வழியாகக் கத்திவாக்கத்துக்கே திரும்புவது. நின்று நின்று பார்த்துப் போனால் அரைநாள். இந்த அரைநாளில் காலுக்கு இரண்டே தரைகள்தான் கிடைக்கின்றன: ஒன்று கருங்கல், மற்றொன்று சேறு. கடலை எதிர்கொள்வதில் இந்த இரண்டும் நேரெதிர். அந்த வேறுபாடு புரிந்தால் வடசென்னைக் கரைக்கு என்ன நேர்ந்தது என்பதும் புரியும்.

முதலில் கல். வடசென்னைக் கரையில் இயற்கையான பாறை கிடையாது. இது ஆறுகளும் அலைகளும் சேர்ந்து மணலால் கட்டிய கரை. இப்போது அலைக்கு முன்னால் அடுக்கியிருக்கும் கற்கள் அத்தனையும் லாரியில் வந்தவை. சென்னையைச் சுற்றியுள்ள பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைப் பலகை இந்தக் கல்தான். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893இல் அந்தப் பெயரையே கல்லுக்கு வைத்தார். பூமியின் ஆழத்தில், தண்ணீர் அனேகமாக இல்லாத பெருவெப்பத்தில், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான பாறை. எண்ணெய் தடவியதுபோல ஒரு கரும்பச்சை மினுக்கு அதில் தெரியும். சென்னை நிலவியலின் ஆகப் பழைய பொருளை எடுத்துவந்து, நேற்றுப் படிந்த மணலுக்குக் காவல் வைத்திருக்கிறோம்.

ஏன் காவல் வேண்டியிருந்தது? அதற்கு அலை வரும் கோணத்தைப் பார்க்க வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி, தென்மேற்குப் பருவக் காலத்தையும் சேர்த்து, அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாகக் கரைக்கு வருகின்றன. சாய்வாக ஏறும் அலை மணலைச் சாய்வாகவே தூக்கிப்போடுகிறது. திரும்பும் நீர் சரிவின் நேரே கீழே இறங்குகிறது. மீண்டும் சாய்ந்து ஏற்றம், மீண்டும் நேரே இறக்கம். இப்படி ரம்பப் பல் போலக் கோணல் கோணலாக ஒவ்வொரு மணல் துகளும் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் இது திசை மாறித் தெற்கே போகும். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது வடக்கே போனதுதான் பல லட்சம் கன மீட்டர் அதிகம். சோழமண்டலக் கரை முழுவதையும் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் மணல் ஆறு என்று சொல்லலாம்.

1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் அலைதாங்கிச் சுவர்கள் எழும்பத் தொடங்கின. 1881 புயல் அவற்றை உடைத்துப் போட்டது, திரும்பவும் கட்டினார்கள். மணல் ஆற்றுக்குக் குறுக்கே அது ஓர் அணை. அணைக்கு மேல்புறம் நீர் தேங்குவது போலத் துறைமுகத்துக்குத் தெற்கே மணல் தேங்கியது. நாம் மாலையில் சுண்டல் வாங்கித் தின்னும் மெரினாவின் அந்த அகலம் அப்படி வந்தது. அணைக்குக் கீழ்புறம் வறண்டது. அங்கும் அலை மணலை வடக்கே எடுத்துப் போவதை நிறுத்தவில்லை. எடுத்த இடத்தில் வைக்கத் தெற்கிலிருந்து புது மணல் மட்டும் வரவில்லை. ராயபுரம் தொடங்கி, காசிமேடு, திருவொற்றியூர் என்று கரை தேய்ந்தது. குடிசைகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. மெரினாவின் அகலம் வடசென்னை கொடுத்த நிலம். இதைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

தேய்ந்த இடத்தில் கல் கொட்டினார்கள். கல் அடுக்கின் இடுக்குகளில் அலை புகுந்து நுரைத்துக் கொஞ்சம் வலுவிழக்கும். மீதி வலு திரும்பிப் போகும்போது கல்லின் காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். அதனால் கல் கரைக்கு முன்னால் மணல் நிற்பதில்லை. வீடு தப்பிக்கும், கடற்கரை போய்விடும். பைபர் போட்டை இழுத்து ஏற்றவும் வலையை விரித்து உலர்த்தவும் மணல் வேண்டிய மீனவருக்கு அது அரைத் தீர்வு. அதனால் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். அவை மணலைத் தென்புறம் பிடித்து வைக்கின்றன; வடபுறம் அடுத்த குப்பத்துக்குப் போக வேண்டிய மணலைத்தான் பிடிக்கின்றன. துறைமுகம் பெரிதாகச் செய்ததைத் தூண்டில் வளைவு சிறிதாகச் செய்கிறது. ஒரு குப்பத்துக்குப் போட்டால் அடுத்த குப்பமும் கேட்பது பேராசையில் அல்ல, இயற்பியல் அப்படி.

கல்லின் மேல் உயிர் இல்லாமல் இல்லை. அலை எட்டும் மட்டத்தில் கொட்டலசு வெள்ளைப் பொரி ஒட்டியதுபோல அடர்ந்திருக்கும். வெறுங்காலால் மிதித்தால் கிழித்துவிடும். அதற்குக் கீழே பச்சைப் பாசி. அதற்கும் கீழே ஆழி என்ற மட்டி. இடுக்குக்கு இடுக்கு பாறை நண்டுகள். மணல் கரைக்குப் பழக்கமில்லாத இந்த உயிர்கள், கல் வந்த பிறகு மிதக்கும் லார்வாவாக வந்து குடியேறியவை. கல்லில் வாழ்கிறவருக்கு வேண்டியது ஒன்றே, பிடி. அலை உணவைத் தானே கொண்டுவந்து தருகிறது.

நெட்டுக்குப்பம் தாண்டினால் கல் முடிந்து மணல் வருகிறது. அடம்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருக்கிறது. சற்றுத் தள்ளி முகத்துவாரம். பூண்டி ஏரியைத் தாண்டி வரும் கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இடம் இது. மழைக்காலத்தில் ஆறு வாயைத் திறந்து வைத்திருக்கும். கோடையில் ஆற்றில் வேகம் இருக்காது. அலை கொண்டுவரும் மணல் வாயில் படிந்து மேடாகும். அந்த மேட்டைத் தள்ளித் திறந்து வைப்பது கழிக்குள் போய்த் திரும்பும் ஓத நீர்தான். எனவே கழி எவ்வளவு அகலமோ, அவ்வளவு ஓத நீர். அவ்வளவு திறந்த வாய். கழியின் ஓரத்தில் மண் போட்டு நிரப்பினால் நிரப்பிய இடம் மட்டும் போவதில்லை, வாயும் சேர்ந்து சுருங்குகிறது.

இங்கே திரும்பிச் சேற்றில் இறங்கினேன். காட்டுக்குப்பம் பக்கம் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் காலைப் பார்த்தார்.

“செருப்பக் கழட்டிக்க தம்பி. நீ குடுக்கலன்னா சேறே வாங்கிக்கும்.”

“எவ்ளோ ஆழம் போகும்ணே?”

“ஒரே இடத்துல நின்னா எறங்கும். நடந்துகினே இரு. உமரி இருக்கிற பக்கமா கால வை.”

இந்த மூன்று வாக்கியத்துக்குள் மண் இயற்பியலின் ஒரு பாடமே இருக்கிறது. ஆற்று நீரில் வரும் களிமண் துகள்கள் நுண்ணிய தகடுகள். எதிர்மின் ஏற்றத்தால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு கலங்கலாக மிதந்து வருகின்றன. உப்பு நீர் கலந்ததும் அந்த விலக்கம் அடங்கிவிடுகிறது. தகடுகள் ஒட்டிக்கொண்டு பஞ்சுப் பொதியாகிக் கீழே படிகின்றன. ஆறு கடலைத் தொடும் இடத்தில் சேறு சேர்வது இதனால்தான். அது சீட்டுக்கட்டை ஒழுங்கின்றி நிறுத்திக் கட்டிய வீடு மாதிரி, உள்ளெல்லாம் நீர். நின்றால் நம் எடை அந்த வீட்டை மெல்லச் சரித்து நீரைப் பிழிகிறது, கால் இறங்குகிறது. நேரே மேலே இழுத்தால் அடியில் வெற்றிடம் உண்டாகி உறிஞ்சிப் பிடிக்கும். குதிகாலைச் சாய்த்துக் காற்று புக வழிவிட்டால் கால் வந்துவிடும். உமரி முளைத்த இடத்தில் வேர்கள் மண்ணைக் கோத்திருக்கின்றன, தரையும் ஒரு விரல் உயரம். அந்த ஒரு விரலுக்கு நடக்கிறவர் வணக்கம் சொல்ல வேண்டும்.

கால் இறங்கிய குழியைப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டர் பழுப்பு. அதற்குக் கீழே மை போன்ற கறுப்பு. ஆக்சிஜன் நுழைவது அந்தப் பழுப்புத் தோல் வரைக்கும்தான். கீழே இருக்கும் பாக்டீரியாக்கள் மூச்சுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல் நீரின் சல்ஃபேட்டைப் பயன்படுத்துகின்றன. கழிவாக ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியேறுகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். நூறு கோடியில் ஓரிரு பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். அது மண்ணின் இரும்போடு சேர்ந்தால் கறுப்பு நிற இரும்பு சல்ஃபைடு. கழியோரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கடை என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. ஆலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் இங்கே கலக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் சேற்றின் இந்த அடிப்படை மணம் ஆரோக்கியமான கழிக்கும் உண்டு.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அழுகல் மெதுவாக நடக்கும். உதிர்ந்த இலையும் வேரும் முழுதாக மட்காமல் சேர்ந்துகொண்டே போகும். குளிர்நாடுகளின் மேட்டுச் சதுப்புகளில் மழை நீரும் குளிரும் இதே வேலையைச் செய்து கரிச்சேற்றை அடுக்குகின்றன. நம் நீலகிரியிலும் அப்படி உண்டு. ஊட்டி அருகே சாண்டிநல்லா கரிச்சேற்றை ஆராய்ந்து, ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். புல்லும் சோலை மரமும் கார்பனின் ஐசோடோப்புகளை வேறு வேறு விகிதத்தில் பிடிப்பவை. அந்த விகிதத்தை அடுக்கடுக்காக அளந்து, சுமார் 20,000 ஆண்டுகளில் மலையில் எப்போது புல் ஓங்கியது, எப்போது சோலை ஓங்கியது என்று படித்தார்கள். மலையில் மழை நீர் செய்வதைக் கழியில் ஓதம் செய்கிறது. 2011இல் இந்தோ-பசிபிக் அலையாத்திக் காடுகளை அளந்த ஓர் ஆய்வில், ஹெக்டேருக்குச் சராசரியாக 1,000 டன்னுக்கு மேல் கார்பன் இருப்பது தெரிந்தது. அதில் பெரும்பங்கு மரத்தில் இல்லை, சேற்றுக்குள் இருந்தது.

எண்ணூரில் எஞ்சியிருக்கும் அலையாத்தியில் அதிகம் கண்ணில் படுவது வெண்கண்டல். இலையின் மேல் நாக்கை வைத்தால் உப்புக் கரிக்கும். வேர் வழி வந்த உப்பை இலைச் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. மரத்தைச் சுற்றிப் பென்சில் நட்டுவைத்தது போல நூற்றுக்கணக்கில் நிமிர்ந்து நிற்பவை மூச்சுவேர்கள். மூச்சில்லாத சேற்றுக்குள் இருக்கும் வேருக்குக் காற்றுக் குழாய் அவை. நண்டுகளும் இந்த வேலையைச் செய்கின்றன. ஒரு கை மட்டும் பெருத்த சிறு சிவப்பு நண்டின் வளைக்குள் பார்த்தால் சுவர் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். வளை வழியாக ஆக்சிஜன் இறங்கி இரும்பைத் துருவாக்கிய அடையாளம். ஆயிரக்கணக்கான வளைகள் சேர்ந்து ஒரு சேற்றுத் திட்டையே சுவாசிக்க வைக்கின்றன. அந்தச் சேற்றில் புதையும் இறாலை இருளர்கள் கையால் தடவித் தடவிப் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். அதற்குச் சேறு இளகலாக இருந்தாக வேண்டும்.

இளகல்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. ஒரு காரணம் சாம்பல். 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 1994இல் வந்த வடசென்னை அனல் மின் நிலையமும் மற்றவையும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நீரில் கரைத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்பும் குழாய்கள் கழியின் மேலேயே போகின்றன. அவை கசிந்து சாம்பல் கழியில் கொட்டியது பல ஆண்டுப் புகார். நிலக்கரியிலுள்ள களிமண் ஆயிரம் டிகிரிக்கு மேலான வெப்பத்தில் உருகித் துளியாகி, காற்றிலேயே உறைந்து நுண்ணிய கண்ணாடி மணிகளாகிறது. அதுதான் சாம்பலின் பெரும்பகுதி. அதில் உண்ண ஒன்றுமில்லை, படிந்தால் இறுகுகிறது. சாம்பல் இறுகிக் கிடந்த திட்டில் நான் பத்து நிமிடம் நின்று தேடியும் ஒரு நண்டு வளை கண்ணில் படவில்லை.

இன்னொன்று காக்கா ஆழி. மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த இந்தக் கறுப்பு மட்டி கப்பல்களோடு வந்தது என்பது ஆய்வாளர் கருத்து. காமராசர் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கும்போது நம்பக் கடினமில்லை. ஆழிகள் வழக்கமாகக் கல்லைத் தேடும். இது சேற்றின் மேலேயே நாரால் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு கம்பளம் போல மூடிவிடுகிறது. அடியில் மஞ்ச மட்டி மூச்சு முட்டிச் சாகிறது, இறாலுக்குப் புதைய இடமில்லை, தடவிப் பிடிக்கும் கை கிழிகிறது. கல் கரையில் எது வாழ்வோ அதுவே, பிடித்துத் தொங்குவது, சேற்றுக்குச் சாவாகிவிட்டது.

எண்ணெய்க்கு வருகிறேன். இந்த நடைக்கு நான் போனதே அதற்காகத்தான். இந்தக் கரையில் இரண்டு பெரிய கசிவுகள் நடந்திருக்கின்றன. 2017 ஜனவரி 28 விடியற்காலை காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற கப்பல்கள் மோதின. அது வடகிழக்குப் பருவத்தின் கடைசி, நீரோட்டம் தெற்கே. எனவே எண்ணெய் தெற்கே நகர்ந்து எர்ணாவூர்க் கற்களில் ஒதுங்கியது. கனத்த எரியெண்ணெய் அலையில் அடிபட்டு, நீரைக் குடித்துச் சில மடங்கு பருத்துக் கூழாகும். வாளி வாளியாக மனிதர்கள் அள்ளியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இரண்டாவது 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயல் மழையோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிக்குள் வந்தது. படகு, வலை, கூழைக்கடாவின் இறகு, கண்டல் வேர் எல்லாம் கறுத்தன.

முதலாவது கல்லில், இரண்டாவது சேற்றில். உலகெங்கும் எண்ணெய்க் கசிவை எதிர்கொள்கிறவர்கள் கரைகளுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறார்கள். 1974இல் மகெல்லன் நீரிணையில் நடந்த மெட்டூலா கப்பல் விபத்துக்குப் பிறகு உருவான முறை இது. எண் கூடக்கூடக் கேடு அதிகம். அலை அடிக்கும் செங்குத்துப் பாறை 1, அலையே கழுவிவிடும். கொட்டிய கற்கள் 6, ஏனென்றால் எண்ணெய் இடுக்குகளுக்குள் இறங்கித் தேங்கி, அடுத்த அலைக்கு மீண்டும் வெளியே வரும். எர்ணாவூரில் நடந்தது அதுவே. சதுப்பும் அலையாத்தியும் 10. அங்கே அலை இல்லை, கழுவ ஆளில்லை. எண்ணெய் நண்டு வளை வழியாக அடியில் இறங்கும். மூச்சுவேரின் துளைகளை அடைக்கும். எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா வேகமாக வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். சேற்றுக்குள் அது இல்லை. இலையைப் பல்லாயிரம் ஆண்டு காத்து வைக்கும் அதே குணம் எண்ணெயையும் காத்து வைக்கிறது. ஆளிறக்கி அள்ளலாம் என்றால், மிதிக்கும் ஒவ்வொரு காலும் எண்ணெயை இன்னும் ஆழத்துக்கு அமுக்குகிறது. கல்லில் பட்ட எண்ணெய்க்கு வாளியாவது உதவியது. சேற்றுக்கு அதுவும் இல்லை.

எனவே எண்ணெய் சேற்றைத் தொடும் முன் நிறுத்த வேண்டும். மிதவைத் தடுப்புகள் அதற்காகவே உள்ளன. ஆனால் நீர் நொடிக்கு ஒரு முழ வேகத்தை நெருங்கினாலே எண்ணெய் தடுப்புக்கு அடியில் நழுவிவிடும். புயல் வெள்ளத்தில் பக்கிங்ஹாம் கால்வாய் அதைவிட வேகமாக ஓடும். அந்த நேரத்தில் கழியின் வாசலில் தடுப்பு கட்டிப் பயனில்லை. எண்ணெயை நிறுத்தக்கூடிய கடைசி இடம் ஆலை வளாகத்தின் உள் வடிகால்தான். அந்த வடிகால்களையும், அவற்றின் எண்ணெய் பிரிப்புத் தொட்டிகளையும் ஆண்டுதோறும் செப்டம்பர் முடிவதற்குள் சோதித்து, முடிவைக் காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். அரசையும் ஆலைகளையும் கேட்டுக்கொள்வது இதுதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடுகிறது.